மனப்பாடம் செய்த அப்பா பெயர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நடந்தது இது. சிவகாசியிலிருந்து ஆலங்குளம் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊர். பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு என்னால் ஏற்பட்ட சங்கடமே போதும்.

நான் லாரி டிரைவர். எம். புதுப்பட்டிப் பக்கம் வீடு. பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவது என் வேலை. ஆடி பிறந்துவிட்டால் தீபாவளி வரைக்கும் வீட்டுக்கு வர நேரம் இருக்காது. தீபாவளி முடிந்துவிட்டால் அடுத்த ஆடி வரைக்கும் வீட்டை விட்டுக் கிளம்ப வேலை இருக்காது. கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் வளைகுடா நாட்டில் டிரெய்லர் ஓட்டியிருக்கிறேன். அங்கே ஹெவி லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மூன்று தடவை பெயிலாகி, நாலாவது தடவைதான் வாங்கினேன். ஊரோடு வந்துவிட்ட பிறகு அதன் தேதி முடிந்துபோனது. நானும் பீரோவில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

என் மனைவி பட்டாசு ஆலையில் மருந்து நிரப்பும் அறையில் வேலை பார்த்தாள். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னால், வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும். இறங்காமல் உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், அறையே இருக்காது. பத்து வருஷம் தொட்டுத் தொட்டு அவள் கைக்கு அது பழகிவிட்டது. எங்கள் வீட்டு அடுப்படிக்குள் போகும்போதுகூட ஜன்னல் கம்பியை ஒரு தொடு தொட்டுவிட்டுத்தான் போவாள். கேட்டால், "நான் எங்க தொட்டேன்?" என்று சண்டைக்கு வருவாள். அவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் நாட்டில் லாரி ஓட்ட ஆளே இல்லையாம், வளைகுடா லைசென்ஸ் இருக்கிறவர்களை அள்ளிக்கொண்டு போகிறார்களாம் என்று டிரைவர்கள் மத்தியில் ஒரே பேச்சாக இருந்தது. நானும் விருதுநகரில் ஒரு ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தேன். மாடியில் ஒரே ஒரு அறை. சுவர் முழுக்கப் பனியில் நிற்கிற லாரிப் படங்கள். ஏஜென்ட் என்னைவிடச் சின்னவன். வாயைத் திறந்தால் அண்ணே, அண்ணே என்று தேன் வடியும்.

என் லைசென்ஸ் காலாவதியானதைச் சொன்னேன். "அது ஒரு விசயமாண்ணே? ரினியூ பண்ணிரலாம். நீங்க குளிருக்குச் சட்டையத் தச்சுப் போடுங்க, நல்லா கனமா" என்று சிரித்தான். பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

இருபது நாள் கழித்து ஒரு புது கார்டை என் கையில் கொடுத்தான். என் போட்டோ. என் பெயர். ஆனால் இனிஷியல் வேறு. அப்பா பெயர் வேறு. பிறந்த தேதியும் வேறு. எனக்கு மூன்று வயது குறைந்திருந்தது. இது என்னடா கூத்து என்று கேட்டேன்.

"அரபில இருந்து மாத்தும்போது தப்பா அடிச்சிட்டாகண்ணே. திருத்தக் குடுத்தா ஆறு மாசம் இழுத்தடிப்பாக, அதுக்குள்ள வேல போயிரும். பாஸ்போர்ட்டையும் இதுக்குத் தக்கன மாத்திக்கிடலாம். பேரு ஒங்க பேருதான? இனிசியல்தானண்ணே மாறுது."

அப்படித் தப்பு நடப்பது உண்டு. என்னோடு அறையில் இருந்த ஒருவனுக்கு அவன் ஊர் பெயரே அப்பா பெயராக விழுந்திருந்தது. அதனால் நம்பினேன். முழுசாக நம்பினேன் என்று எழுதினால் அது பொய். மனதுக்குள் ஏதோ நெருடியது. ஆனால் ஜன்னல் கம்பியைத் தொடுகிற அந்தக் கையை நினைத்துக்கொண்டு, நெருடலைத் தள்ளி வைத்துவிட்டேன். என் பெயரோ எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களைப் பிரித்துக் காட்டுவது அந்த இனிஷியல் ஒன்றுதான். அது யாருடையது என்று நான் கேட்கவே இல்லை.

கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பேசுவார்கள், அப்பா பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள், தடுமாறினால் போச்சு என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். என் மனைவிதான் வாத்தியார். வேன் வருவதற்கு முன்னால் சோற்றைக் கட்டிக்கொண்டே கேட்பாள். பல் விளக்கும்போது கேட்பாள். தூங்கி எழுந்ததும் முதல் கேள்வி அதுதான். "ஒங்க அப்பா பேரென்ன?" நான் அந்தப் பெயரைச் சொல்வேன். அடுத்து பிறந்த தேதி. நின்று யோசித்தால் முதுகில் ஒரு அடி விழும்.

என் அப்பா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்காமல், "ஏலே, அப்ப எனக்குக் கொள்ளி போடுறது யாருலே?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவர் மட்டும் சட்டென்று நிறுத்திவிட்டார். அதை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். கண் இமைக்காமல் சொன்னேன். வேலை கிடைத்துவிட்டது. தேர்வானவர்கள் பட்டியலை, பெயர், இனிஷியல், போன் நம்பரோடு டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏஜென்ட் போட்டான். மொத்தம் பன்னிரண்டு பேர். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கறிச்சோறு.

மறுநாள் மத்தியானம் ஒரு வளைகுடா நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான். குரல் மட்டும் நடுங்கியது.

"ஏலே... நீயாலே?"

"நாந்தான். யாரு பேசுறீக?"

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "குரலு வேறல்ல இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த ஆள் போனை வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ராங் நம்பர் என்று மனைவியிடம் சொன்னேன். அந்த நம்பரை மட்டும் ஏனோ அழிக்கவில்லை.

அந்த வாரமே மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் பார்க்கிறேன், என் பிறந்த தேதி என்று அந்த இன்னொரு தேதியை எழுதியிருக்கிறேன். கையெழுத்திலும் அந்த இனிஷியல். எப்போது எழுதினேன் என்றே ஞாபகம் இல்லை. டீச்சர் இன்னொரு படிவம் கொடுத்தார். அதை எழுதும்போது என் சொந்தப் பிறந்த தேதி சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

பத்து நாளில் பயணம் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று பைக்கை எடுத்தேன். அக்காவை ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய் வருகிற ரோடு. ஓரத்துச் செடியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பஸ் ஸ்டாப் நிழலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். ஒரு ஈ காக்காய் இல்லை. ஒரு வெள்ளாடு மட்டும் பின்னங்காலில் எழும்பி நின்று, சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் அடிப்பகுதியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

ஆட்டை விரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி. பெரிய எழுத்தில் என் பெயர். முன்னால் அந்த இனிஷியல்.

நம் ஊரில்தான் இனிஷியலும் பெயரும் ஒத்துப்போகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டே என்று முதலில் நினைத்தேன். பிறகு கீழே பார்த்தேன். தோற்றம் என்று போட்டு ஒரு தேதி. நான் பல் விளக்கும்போது சொன்ன தேதி. மகள் பள்ளிக்கூடத்துப் படிவத்தில் நான் எழுதிய தேதி. அதற்குப் பக்கத்தில் மறைவு என்று இன்னொரு தேதி. அன்றைக்குச் சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால். நடுவில் இருந்த முகம் என்னுடையது இல்லை. என்னைவிட ஒல்லியான, கண்ணை நேராகப் பார்க்கிற ஒரு ஆள்.

சட்டைப் பையில் இருந்த கார்டை எடுத்து போஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எண்கூட மாறவில்லை. கார்டைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அப்போது பைக்கில் ஒரு ஆள் வந்து நின்றார். நான் போஸ்டர் முன்னால் தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்க மச்சான்கூட வெளிநாட்டுல வேல பாத்தவுகளா? எல போட்டாச்சு, வாங்க வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செத்தவரின் மனைவிக்கு அண்ணன் அவர். திதிக்கு வந்தவரை வாசலோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

சின்ன வீடு. உள்ளே மாலை போட்ட அதே போட்டோ, விளக்கு, படையல். படையலில் பலகாரத்தோடு ஒரு நீலக் கம்பெனிச் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். போட்டோவுக்கு நேர் எதிரே எனக்கு இலை போட்டார்கள். ஐந்து வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. லீவில் வந்தவர், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். அங்கே கம்பெனிக்குக்கூட யாரும் முறையாகத் தகவல் சொல்லவில்லையாம். யாருக்கு எங்கே சொல்வது என்று தெரியவில்லையாம்.

அதாவது, அந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் அவர் சாகவில்லை. லீவில்தான் இருக்கிறார். அவர் லைசென்ஸைத்தான் என் போட்டோவைப் போட்டு ஏஜென்ட் ரினியூ பண்ணியிருக்கிறான். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த வளைகுடாப் போன்காரர் தேடியதும் இவரைத்தான்.

செத்தவரின் அப்பா என் முன்னால் வந்து குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். தோளில் துண்டு, கண்ணெல்லாம் சிவப்பு. "நல்லாச் சாப்பிடுங்கய்யா. தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "புதுப்பட்டிப் பக்கமா? அங்கன எனக்கும் ஆளுக உண்டு. யாரு மகன் நீங்க? அப்பா பேரென்ன?"

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் சொல்லத்தானே ஒரு மாதம் பழகியிருந்தேன். கேள்வி காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டது.

பரிமாறிக்கொண்டிருந்த பெண் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டாள். அந்தப் பெரியவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அது நானுல்ல?" என்றார்.

இலையிலிருந்து எழுந்து, எச்சில் கையோடு அவர் காலைத் தொட்டேன். கார்டை எடுத்து வைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்தப் பெண், செத்தவரின் மனைவி, சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். ஆறு மாதம் முன்னால் விருதுநகரிலிருந்து ஒருவன் வந்தானாம். உங்கள் வீட்டுக்காரர் அறையில் விட்டுவந்த பெட்டியை வரவழைத்துத் தருகிறேன், அதற்கு அவர் லைசென்ஸ் வேண்டும் என்றானாம். பெட்டியில் பிள்ளைக்கு வாங்கி வைத்த கவுன் இருக்கிறது என்று செத்தவர் சொல்லியிருந்தாராம். அந்த ஆசையில் கார்டைக் கொடுத்திருக்கிறாள். பெட்டியும் வரவில்லை, கார்டும் வரவில்லை.

நாலு அடி விழும் என்று நினைத்தேன். மச்சான்காரர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் பெரியவர் கார்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் போலிருக்கிறது. தன் பெயர் இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"இதுல எம்மகன் இன்னும் இருக்கானா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"இந்தக் கார்டு எம்புட்டு நாளைக்குச் செல்லும்?"

"நாலு வருசம் இருக்குய்யா" என்றேன்.

அவர் வேறெங்கோ பார்த்தபடி, "அப்ப போயிட்டு வாங்க" என்றார். "அவன் பேராவது நாலு வருசம் வண்டி ஓட்டட்டும். பனியெல்லாம் பாக்கணும்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தான்."

அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இல்லை. வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மாலைக்குள் இருந்து அந்தப் போட்டோவும் என்னைப் பார்த்தது. ஒரு நிமிஷம், எழுதவே பயமாக இருக்கிறது, சரி என்று சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. அவரே சொல்கிறார், அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது.

அந்தப் பெண்தான் மாமனார் விரலிலிருந்து கார்டை உருவினாள்.

"என்ன பேசுறீக மாமா? அங்கன பனியில வண்டி கவுந்து இவருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வைங்க, யாருக்குப் போன் வரும்? எனக்குல்ல வரும்? இன்னொருக்கா நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழணுமா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங்க வீட்டு அக்கா போனக் கையில வச்சிக்கிட்டு, இன்னைக்குப் பேசுவாரு, நாளைக்குப் பேசுவாருன்னு ஒக்காந்திருப்பாக. அவுகளுக்கு யாருண்ணே சொல்லுவா?"

ஆலையிலிருந்து எனக்கு ஒரு போன் வந்துவிடுமோ என்று பத்து வருஷமாக நான்தான் பயந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்குப் போனே வராத ஒரு சாவை நான் தேடிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. என் உடம்பு இந்த வீட்டுக்கு வரும், இவர்கள் வாங்க மாட்டார்கள். என் வீட்டைப் பொறுத்தவரை நான் சாகாமல், லீவு போடாமல் வேலை பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மறுநாள் காலை அந்த மச்சான்காரரும் நானும் இன்னும் நாலு பேரும் விருதுநகர் மாடிக்குப் போனோம். ஏஜென்ட் தலையை நிமிர்த்தாமல் என் பாஸ்போர்ட்டைத் தூக்கி மேஜையில் வைத்தான். அதில் கை வைத்திருக்கவில்லை, அந்த இனிஷியலில் வேறு ஒன்று தயாராகிக்கொண்டிருந்ததாம். "நான் யாருக்குண்ணே கெடுதல் பண்ணினேன்? செத்தவுக பேரு சும்மாதான கெடக்கு" என்றான். போலீஸில் புகார் கொடுத்து, கார்டையும் ஒப்படைத்தோம். ஒரு வாரத்தில் அந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. பட்டியலில் மீதிப் பதினோரு பேருக்கும் நானே போன் செய்தேன். ஏழு பேர் எடுத்தார்கள். அதில் மூன்று பேர் கார்டிலும் அப்பா பெயர் தப்பாகத்தான் விழுந்திருந்தது. எடுக்காத நாலு பேர் யார் பெயரில் எங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்கு ஒரு கவுன் எடுத்துக் குடுத்துட்டு வருவோம்" என்றாள் என் மனைவி. அப்புறம், "நீங்க இங்கனயே இருங்க. எனக்கு ஒண்ணுன்னா ஒங்க காதுல விழணும், ஒங்களுக்கு ஒண்ணுன்னா என் காதுல விழணும். அம்புட்டு தூரத்துல இருந்தாப் போதும்" என்றாள். மறுநாள் வேன் வந்தது, ஏறிப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகும் நாலு மாதம் அந்த அறைக்குத்தான் போனாள். ஒரு அச்சகத்தில் காலண்டர் பைண்டிங்கில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சம்பளம் குறைவுதான். ஜன்னல் கம்பியைத் தொடுகிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

வருஷா வருஷம் அந்தத் திதிக்குப் போகிறேன். பெரியவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை. வாங்கய்யா என்பார், இலை போடச் சொல்வார், அவ்வளவுதான்.

இப்போதும் புது ஊரில் யாராவது "தம்பி யாரு மகன்?" என்று கேட்டால், வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி நின்றுவிடுகிறேன், என் அப்பாவின் பெயரைச் சொல்லி, அது என் காதிலேயே விழுந்த பிறகுதான், உயிரோடு இருப்பது நான்தான் என்று எனக்கு உறுதியாகிறது.